கல்லிலிருந்து ஷெட் வரை

ஹலோ... ஹலோ... இன்னாங்க, நான்தான். ...ஆமா, தேவகிதான். வேற யாரு காலங்காத்தால உங்களுக்குப் போன் பண்ணப் போறாங்க? ...இல்ல, ஒண்ணும் ஆவல. உங்க செல்லு கத்திகினு கீது. ...ஆமா, அந்த எவர்சில்வர் டப்பாக்குள்ளேர்ந்துதான். டப்பாவே கடகடன்னு ஆடுது. ...ஆஃப் பண்ணிட்டுதான் போனீங்களா? அப்ப எப்டி அடிக்கும்? ...ஆஃப் பண்ணாலும் அலாரம் அடிக்குமா! நல்லா கீதே கூத்து. ...எந்தப் பட்டன்? ...நடுவுல இருக்கறதா... இருங்க, இருங்க... நின்னுடுச்சி. அப்பாடா. பக்கத்து ஊட்டு லீலா சுவத்த தட்டினு கீறா, இன்னாக்கா சத்தம்னு.

ஏங்க, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீங்க சந்தவாசல் தாண்டி மலையாண்ட கீறீங்க. செல்லு சேவூர்ல கீது. நடுவுல எத்தினி ஊரு. இங்க டப்பால போட்டு மூடலன்னா அங்க உங்க சூரியன் கோச்சிக்குமா? ...பழக்கமா? ...ஆமா ஆமா, தெரியும். டப்பால போட்டா டவர் கிடைக்காது, நெடுஞ்செழியன் சார் காட்டுனாரு. நூறுவாட்டி சொல்லிட்டீங்க.

2003ஆம் வருடம், தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. என் கணவர் சம்பந்தம் ஆரணியில் விசைத்தறி மோட்டார் பழுது பார்த்தவர். அப்போது இரண்டு வருடமாக மலையடிவாரத்தில் ஒரு கல்லூரிக்காரர்கள் அமைத்திருந்த இடத்தில் வேலை செய்தார். அங்கே கம்பங்கள் நட்டு, கம்பி கட்டி, சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்தார்கள். அது அவ்வளவு மெல்லியது. பக்கத்தில் ஒரு மோட்டார் பொறி விட்டாலும், ஒரு செல்போன் உயிரோடு இருந்தாலும் அமுங்கிப் போகும். பதிவு நடக்கும் நேரத்தில் அப்படி எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார்; எங்கே கரகரவென்று இரைகிறதோ அங்கே உள்ள பம்புசெட்டைச் சரி செய்து கொடுத்துவிட்டு வருவார். பெட்ரோல் வண்டி ஸ்பார்க் பிளக்கில் ஓடுவதால் அதுவும் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. டீசல் ஜீப் மட்டும் வரலாம். அவர் இருந்த ஷெட்டில் ஒரு ஒயர் போன் இருந்தது. ஒயரில் போகும் பேச்சால் தொந்தரவு இல்லை. நெடுஞ்செழியன் சார் ஜீப்போடு இருந்து பதிவு செய்யும் இடம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே. அதுவரை ஒயர் இழுக்கவில்லை.

அவர் பேசியது என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதுவது நான் பேசியது.

சாப்ட்டீங்களா? ...இன்னும் இல்லியா, ஏன்? ...வயித்து வலியா? எப்பலேர்ந்து? ...விடிகாலைலேர்ந்தேவா! ராத்திரி இன்னா தின்னீங்க? உண்மையச் சொல்லுங்க. ...எனக்குத் தெரியாதா? நான் கட்டிக் குடுத்த இட்லிய நாய்க்குப் போட்டுட்டு, கூட்ரோட்டு கடைல பரோட்டாவுக்கு சால்னா ஊத்தி அடிச்சிருப்பீங்க. ...சத்தியமாவா? ...சரி, சரி. இட்லிதான். நம்பிட்டேன். ஓமத்தண்ணி கீதா அங்க? ...ஒரு சோடாவாவது... அதுக்கும் கல்லத் தாண்டிப் போவணும். ஆமா.

தண்ணியாவது குடிங்க. ...முழுங்க முடியலியா? தொண்டைய புடிச்சிக்குதா? சளியா இருக்கும். ஈரத்துல படுத்தீங்களா? ...தரையிலயா? கட்டில் இன்னாச்சி? ...மிஷின் பெட்டி வெச்சிருக்குதா! ஏங்க, பெட்டி கட்டில்ல படுக்கும், மனுசன் தரையில படுப்பானா? சாரு கேட்டாரா, நீங்களாவே குடுத்தீங்களா? ...நீங்களாவே. அதான பாத்தேன்.

இன்னாங்க, பேச்சு ஒரு மாதிரி கீது? ...இல்ல, குழறுது. இன்னொருவாட்டி சொல்லுங்க. ...காலைலயே ஊத்திகினீங்களா? ...சும்மா கேட்டேன், கோச்சிக்காதீங்க. ...தூக்கமா? கண்ண தொறக்கவே முடியலியா? நைட்டு பூரா முழிச்சிகினு சுத்துனா அப்டிதான். சாரு எத்தினி மணிக்கு எறங்குவாரு? ...ஒம்பதரை. அதுவரைக்கும் செத்த கண்ண மூடி...

...இன்னா சொன்னீங்க?

...கடிகாரம் ரெண்டா தெரியுதா?

ஏங்க. ...ஏங்க, இருங்க. ஒண்ணு கேக்கறேன், சிரிக்காம சொல்லுங்க. கண்ணு தானா தொறக்குதா, விரலால ரெப்பைய தூக்குனாத்தான் தெரியுதா? ...விரலால. ...சரி. ...சரி.

ராத்திரி எதுனா கடிச்சிச்சா? ...எறும்பா? எங்க? ...முழங்கையாண்ட. எப்ப? ...ரெண்டு மணி இருக்குமா. வீங்கிகீதா? ...வீங்கல. கறை, காயம்? ...ஒண்ணும் இல்ல. ...இல்லங்க, சந்தோசப்படாதீங்க. எங்க பச்சையப்பன் சித்தப்பா ஞாபகம் கீதா? மல்லாட்டைக் கொல்லையில காவலுக்குப் படுத்தாரே. காலைல வந்து வயிறு வலிக்குதுன்னாரு. கண்ண தொறக்க முடியலன்னாரு. நாங்க போர்வைய போத்தி தூங்குய்யான்னு உட்டுட்டோம். ...ஆமா, அவரேதான். அவருக்கும் காயம் இல்ல. டாக்டரம்மா அப்பறம்தான் சொன்னாங்க, கட்டுவிரியன்னு.

...எறும்பு இல்லங்க அது. எறும்பு கடிச்சா கடிகாரம் ரெண்டா தெரியாது.

போன வெக்காதீங்க! ...வேணாம், நீங்க வெச்சிட்டு யாருக்கும் பண்ண வேணாம். அந்தக் கண்ண வெச்சிகினு எந்த நம்பர சுத்துவீங்க? சுவத்துல சாஞ்சி உக்காருங்க. நடக்காதீங்க. நான் உங்க செல்லுலேர்ந்து ஆள கூப்புடறேன். ...டப்பாலேர்ந்து எடுத்துட்டேன். ஆன் ஆயிடுச்சி. இன்னாமோ நம்பர் கேக்குது. ...தீபா பொறந்த நாளா? ...ஒண்ணு, ஏழு, சைபர், எட்டு. ...ஆங், தொறந்துகிச்சி. டவர் வருது. காலண்டர்ல வேலு அண்ணன் கடை நம்பர் எழுதிகீது. ...இருங்க. பேசிகினே இருங்க, நான் இந்தக் காதுல உங்கள கேட்டுகினுதான் கீறேன். ...ச்சே, இங்கிலீஷ்ல ஒருத்தி இன்னாமோ சொல்றா. ...எஸ்டிடி கோடு போடணுமா? பக்கத்து ஊருக்குமா? ...செல்லுனா போடணும். சரி, சொல்லுங்க. ...மெதுவா. ...அந்த கடைசி நம்பர் மறுபடியும் சொல்லுங்க, புரியல. ...ஒண்ணா? ...ஒண்ணு.

அடிக்குது. அடிக்குதுங்க.

ஹலோ, கற்பகம் அண்ணியா? நான் தேவகி, சேவூர்லேர்ந்து. அண்ணன் எங்க? ...ஜல்தி குடுங்க அண்ணி. ...வேலு அண்ணே, அவர பாம்பு கடிச்சிகீது. ...ஷெட்டுல. தனியா கீறாரு. ...பேசறாரு, இன்னும் பேசறாரு. சாரு ஜீப்போட மேல கீறாரு, அவருக்கு சொல்ல வழியில்ல. உங்க வேன எடுத்துகினு போங்கண்ணே. ...ஸ்கூல் பசங்கள எறக்கி உட்டுடுங்க. போளூர் ஆஸ்பத்திரிக்கு நேரா. ...ஆமா. ஆமாண்ணே. ஓடுங்க.

வேலு அண்ணனுக்குச் சந்தவாசலில் மளிகைக் கடை. கூடவே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு ஆம்னி வேன் ஓட்டினார். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏங்க? கேட்டீங்களா? கெளம்பிட்டாரு. ...கால் மணி நேரம். ரோடு நல்லா கீது, அதுக்கும் முன்னாடியே வந்துருவாரு. ...இன்னா? ...தெளிவா... ...ஆங், தீபா ஸ்கூலுக்குப் போயிட்டா. சைக்கிள்ல காத்து அடிச்சி குடுத்தேன். ...மூச்சு எப்டி கீது? ...மாரு மேல இன்னாமோ வெச்ச மாதிரியா? ...இல்ல, நான் அழல. சளி புடிச்சிகீது.

ஏங்க, அந்த வாக்கிடாக்கி பக்கத்துல கீதா? ...தெரியும், சாரு அவரோடத ஒம்பதரை வரைக்கும் ஆஃப் பண்ணிதான் வெச்சிருப்பாரு. பேசறதுக்கு இல்ல. ஆன் பண்ணி அந்தப் பட்டன அமுக்கிகினே இருங்க. ...கெட்டுப் போவட்டும்! அதுக்குதான் சொல்றேன்! அங்க அவங்க காகிதத்துல முள்ளு தாறுமாறா கிறுக்கும் இல்ல? போன மாசம் ஒரு ஆளு எம்.எய்ட்டிய கல்லுக்கு உள்ள ஸ்டார்ட் பண்ணான்னு, அஞ்சே நிமிசத்துல சாரு ஜீப்ப எடுத்துகினு கத்திகினே எறங்கி வந்தாருன்னு நீங்கதான சொன்னீங்க? வரட்டும். இன்னிக்கும் கத்திகினே வரட்டும்.

...இன்னாங்க பேச்சு இது? சூரியன் நாளைக்கும் வரும். ...இந்த வாரம்தான் வெடிக்குதா? வருசக் கணக்கா காத்துகினு இருந்தாங்களா? ...இருந்துட்டுப் போவட்டும். ...எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. இந்த ரெண்டு வருசத்துல எத்தினி பேரு மோட்டார நிறுத்தினீங்க, எத்தினி பேரு வாய அடைச்சீங்க? கல்யாண ஊட்ல மைக்செட்டு ஜெனரேட்டர கூட நிறுத்திட்டு வந்தீங்க. ஒரே ஒரு நாளு நீங்க சத்தம் போடுங்க. எனக்காவ வேணாம். தீபாவுக்காவ.

...போடறேன்னு சொல்லுங்க. ...ம். ...ம். சரி. கைல எடுங்க.

...பேட்டரி இல்லியா? ...கழட்டி எங்க வெச்சீங்க? ...பிஸ்கட் டப்பா. டப்பா எங்க கீது? ...பரண் மேல. ...ஏங்க பரண் மேல வெச்சீங்க? ...தெரியாத்தனமா யாரும் அமுக்கிடக் கூடாதுன்னா? அங்க உங்கள உட்டா யாருங்க கீறாங்க அமுக்கறதுக்கு?

...வேணாம். எழுந்திருக்காதீங்க. ...ஸ்டூலு வேணாம், ஏங்க, சொல்றத கேளுங்க, வேலு அண்ணன் வந்துகினு கீறாரு, அவரு எடுத்துக் குடுப்பாரு... ஏங்க! ...இன்னா சத்தம் அது? ஹலோ! ...ஹலோ! ஏங்க! ...தீபாப்பா!

ரிசீவர் தொங்கிக்கொண்டு சுவரில் மோதுவது கேட்டது. டொக், டொக் என்று மெதுவாகி நின்றது. பிறகு எதையோ தரையில் இழுக்கும் சத்தம். அது நெருங்கி வர வெகு நேரம் ஆனது. நான் வாசல் கதவைத் திறந்து லீலாவைக் கத்திக் கூப்பிட நினைத்தேன். போன் ஒயர் அதுவரை வரவில்லை.

...வந்துட்டீங்களா? போன் கைல கீதா? ...பேச வர்ல. சரி. பரவால்ல. பேசாதீங்க. நான் பேசறேன். எப்பவும் நான்தான பேசறேன். கேக்குதுன்னா போன் மேல ஒரு தட்டு தட்டுங்க. ...கேட்டுச்சி! கேட்டுச்சிங்க. ஆமான்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு. அடி பட்டுச்சா? ...ரெண்டு. நல்லது. ஒருக்களிச்சிப் படுத்துக்குங்க, எச்சி உள்ள போவாது. படுத்துட்டீங்களா? ...ம்.

மணி எட்டேகால் ஆவப் போவுது. வேலு அண்ணன் இந்நேரம் ஏரிக்கரைய தாண்டிருப்பாரு. போளூர்ல ஊசி போட்டா சரியாப் போயிடும். அது மருந்து இருக்கற வியாதி. சித்தப்பாவுக்கு நாங்க நேரத்துல இட்டுகினு போவல, அவ்ளோதான். உங்கள இட்டுகினு போவ வண்டி வருது. இல்ல? ...ம். தட்டுங்க, நல்லா தட்டுங்க.

இன்னா பேசறது... ஆங், தறில அந்த வாடாமல்லி சேலை முந்தானை வந்துடுச்சி. தீபா கேக்குது, நாமளே வெச்சிக்கலாமான்னு. இன்னா சொல்றீங்க? ...ரெண்டு. அதான தெரியும், உங்களாண்ட போய் கேட்டேன் பாரு. ...இன்னொரு தட்டா? அப்ப ஆமான்னா, இல்லன்னா? ...தமாசு பண்றீங்களா? பண்ணுங்க. பண்ணுங்க.

அந்தக் கல்லுல செவப்பு பெயின்ட்ல எழுதுனீங்களே, பெட்ரோல் வண்டிகளை இங்கேயே நிறுத்தவும்னு, அந்தக் கறை சட்டைலேர்ந்து இன்னும் போவல. நேத்துகூட மண்ணெண்ண போட்டு தேச்சேன். எங்கண்ணன் ஜெயக்குமார் புது வண்டி வாங்கிகினு உங்களாண்ட காட்டலாம்னு ஆசையா வந்தான். மச்சான்னு ஒரு மரியாதை உண்டா? கல்லாண்டயே சாவிய புடுங்கிகினு வெயில்ல நடக்க வெச்சீங்க. இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். வேலு அண்ணனும்தான். தண்ணி கேன் எறக்க வந்தவரு ஒரு நாளு கல்லத் தாண்டி பத்தடி வந்துட்டாருன்னு பதினஞ்சி நாளு அவராண்ட பேசல நீங்க. அதுலேர்ந்து பாவம் அந்த மனுசன் கல்லப் பாத்தாலே தன்னால இஞ்சின ஆஃப்...

...

ஐயோ.

...ஏங்க. வேலு அண்ணன் இன்னிக்கும் நிறுத்திடுவாரா?

...நிறுத்த மாட்டாரு. உயிர் போற அவசரத்துல யாருனா நிறுத்துவாங்களா? ...ஏங்க, நீங்க சொல்லுங்க. நிறுத்துவாரா?

...ஒண்ணு.

ஒண்ணுதான் தட்டுனீங்களா? இன்னொண்ணு தட்டப் போறீங்களா? ...ஏங்க, இன்னொண்ணு தட்டுங்க.

இருங்க. இருங்க, கடைக்கு மறுபடியும் அடிக்கறேன். ...கற்பகம் அண்ணி! அண்ணன் கெளம்பி எம்மா நேரம் ஆச்சி? ...அவராண்ட செல்லு... இல்ல. தெரியும், யாராண்டதான் கீது. அண்ணி, அங்க வண்டி யாராண்டனா இருந்தா பின்னாடியே ஓட்டிகினு போவச் சொல்லுங்க. கல்லாண்ட நிறுத்தாத, உள்ள போன்னு சொல்லச் சொல்லுங்க. கல்லு அண்ணி, கல்லு, எங்க ஊட்டுக்காரரு பெயின்ட் அடிச்ச கல்லு! உள்ள வந்தா வண்டியும் ஆவும், அந்த சத்தத்துக்கு சாரும் எறங்கி வந்துருவாரு. ரெண்டு காரியமும் ஒண்ணா ஆவும். ...யாரும் இல்லியா? ...பாருங்க அண்ணி, யாருனா பாருங்க.

ஏங்க, கீறீங்களா? ...ம். லேசா கேட்டுச்சி. கை வலிக்குதா? விரலால தட்டினா போதும். நகத்தால. ...கேக்கல. ...ஆங், இப்ப கேட்டுச்சி. தறிச் சத்தத்துல சரியா... இருங்க.

லீலா! ஏ லீலா! ...ஜன்னலாண்ட வா! உங்க தறிய நிறுத்தச் சொல்லு! எதுத்த ஊட்லயும் நிறுத்தச் சொல்லு! கடைசி ஊடு வரைக்கும் போயி சொல்லுடி, டிவிய, பாட்ட, எல்லாத்தையும்! ...அப்பறம் சொல்றேன். எனக்கு அவரு மூச்சு கேக்கணும்!

எங்கள் தெருவில் அப்போது பதினாறு வீடுகளில் தறி ஓடியது. ஒவ்வொரு வீடாக நின்றது. கடைசி வீட்டில் ஒரு ஆள் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார். நான் எழுந்து மின்விசிறியை அணைத்தேன். அப்போது கேட்டது.

...கேக்குது. மூச்சு கேக்குதுங்க. தட்ட வேணாம், மூச்ச மட்டும் உடுங்க. உள்ள. ...வெளிய. ...உள்ள. ...இன்னும் கொஞ்சம் இழுங்க. ...வெளிய. சரி. அப்டியே. நான் சொல்றப்ப இழுங்க. ...உள்ள. ...ஏங்க, உள்ள. ...ம். ...வெளிய.

...யாரோ ஓடியாறாங்க. காலடி கேக்குது. ...வேலு அண்ணே! அண்ணே, போன எடுங்க! ...நான்தான். வேன் எங்க? ...மூச்சு அப்பறம் வாங்கலாம், வேன் எங்கண்ணே?

...கல்லாண்ட.

...ஆமாண்ணே. நிறுத்தணும்தான். எப்பவும் நிறுத்தணும்தான். அவருதான் சொன்னாரு. ...இல்ல, உங்க மேல தப்பு இல்ல. நான் சொல்லல. நான்தான் சொல்லல. ...அத உடுங்க. அவர தூக்க முடியுமா? ...ஒருத்தரா முடியாது, வேணாம், கீழ போட்றாதீங்க. திரும்ப ஓடுங்க. வேன ஷெட்டு வாசலுக்கே ஓட்டிகினு வாங்க. ...பெட்ரோல்தான், தெரியும். ...சாரு திட்டட்டும்ணே! திட்டறதுக்கு வரட்டும்னுதான் சொல்றேன்! அவரு பொண்டாட்டி நான் சொல்றேன், தாண்டி வாங்க. ...போறதுக்கு முன்னாடி போன அவரு காதுல வெச்சிட்டுப் போங்க. ...வெச்சிட்டீங்களா? ஓடுங்க.

ஏங்க. வேலு அண்ணன் போயி வேன எடுத்தாறாரு. அஞ்சி நிமிசம். ...உள்ள. ...உள்ள இழுங்க. ...ம். ...வெளிய.

தூங்காதீங்க. தூக்கம்தான் வரும், தூங்காதீங்க. ...உள்ள. ...இல்ல, தூங்கல நீங்க, கண்ணுதான் மூடிகீது. உள்ள முழிச்சிகினுதான் இருப்பாங்களாம், எல்லாம் கேக்குமாம், சித்தப்பா செத்தப்ப அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அதனால நான் பேசறது கேக்கும் உங்களுக்கு. ...வெளிய. ...நான் காலைல குடிச்சீங்களான்னு கேட்டேனே, அத மனசுல வெச்சிக்காதீங்க. ...உள்ள.

...உள்ளங்க.

...ஏங்க, உள்ள.

...லீலா, பேசாத. ...ஷ்... யாரும் பேசாதீங்க. அந்தக் கதவ ஆட்டாதீங்க.

...

...வெளிய. ...வந்துச்சா? அது மூச்சா, காத்தா? ...ஏங்க, ஒரே ஒரு தட்டு. நகத்தால.

...

...ஏங்க.

...வண்டி. வண்டிச் சத்தம் கேக்குதுங்க! வேன் வந்துடுச்சி! வாசல்லயே வந்துடுச்சி. கேக்குதா உங்களுக்கு? இன்னா சத்தம் பாருங்க, உங்க ஷெட்டாண்ட பெட்ரோல் இஞ்சினு. எழுந்து திட்டுங்க. ...வேலு அண்ணே, தூக்குங்க! கக்கத்துல கைய போட்டு இழுங்க! ...அண்ணே, போன்ல சொல்லுங்க, கேக்கல. ...அண்ணே? ஏன் அழறீங்க? தூக்குங்க!

...அது இன்னா சத்தம்? ஜீப்பா? ...கத்தறாரு. யாரு வண்டிய உள்ள உட்டதுன்னு கத்தறாரு. ...சார்! சார்! போன எடுங்க சார்!

...சார், நான் தேவகி. ...ஆமா சார், பெட்ரோல் வண்டிதான். நான்தான் உள்ள வரச் சொன்னேன். ...இல்ல சார். ஆமா சார். அஞ்சி நிமிசம் கூட ஆவல சார், கல்லத் தாண்டினதும் வந்துட்டீங்க. ...இல்ல சார், நான் ஒண்ணும் சொல்லல. மன்னிப்பு எதுக்கு சார், அவர பாருங்க. மூக்காண்ட கைய வெச்சிப் பாருங்க. ...மூச்சு கீதா சார்?

...சார்?

...தூக்குங்க சார். கீதோ இல்லியோ தூக்குங்க. போளூர்ல பாத்து சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. ...நான் வெக்க மாட்டேன். நீங்க போங்க. போன அப்டியே உட்டுட்டுப் போங்க, வெக்காதீங்க சார், நான் கேட்டுகினு... ஹலோ? ...ஹலோ. ...ஏங்க.

யாரோ பழக்கத்தில் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு டயல் டோன்தான்.

போளூரில் அவரை இறக்கியபோது மணி ஒன்பது இருபது. நான் போய்ச் சேர்ந்ததும், பார்த்த டாக்டர், அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால், என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேலு அண்ணன் அந்த மாதமே வேனை விற்றுவிட்டார். மூன்று வருடம் கழித்துக் கல்லூரிக்காரர்கள் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஷெட்டின் தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். இப்போது அங்கே தரை மட்டும் இருக்கிறது. கல் அங்கேயே நிற்கிறது. அவர் எழுதிய சிவப்பு எழுத்துகள் வெளுத்திருந்தாலும் படிக்கலாம்.

வருடத்துக்கு ஒரு தடவை போவேன். கல்லாண்டை பஸ் நிற்காது. ஆட்டோ பிடித்துக்கொண்டு போய், அங்கே இறங்கி, ஷெட் இருந்த இடம் வரை நடப்பேன். வேகமாக நடந்தால் பதினோரு நிமிடம். இந்த வருடமும் பதினோரு நிமிடம்தான்.